இருவர் பார்த்த வாள்



ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டிலே காண்கிறோம். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக வந்தவருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். மயிற்பீலி கட்டி, நெய் தடவி, பளபளவென்று வரிசையாக வைத்திருந்த ஆயுதங்களை ஔவையார் மெச்சினார். பிறகு, எங்கள் தலைவனுடைய வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையிலே கிடக்கின்றன என்று ஒரு பேச்சுக்குச் சொல்வது போலச் சொல்லி வைத்தார். பளபளப்பது போர் காணாத ஆயுதம், முறிந்து கிடப்பதே போர் கண்ட ஆயுதம் என்பது குறிப்பு. புகழ்வது போலப் பழித்த இந்த இடத்தை விளக்கும்போது வகுப்பிலே சிரிப்பு எழும். நானும் பல வருடங்களாக இப்பாட்டைப் படிப்பித்து, மாணவர்களோடு சேர்ந்து சிரித்து வந்தவன்தான்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டை வேறு விதமாக எண்ணிப் பார்க்க நேர்ந்தது. அதற்கு ஒரு காரணம் என் மனைவி. மற்றொரு காரணம், நூறு வருடங்களுக்கு மேலாகிறது, இந்த நாட்டின் கிராமங்களிலே பழைய கைவேலைகளைத் தேடித் திரிந்த ஒரு கணவனும் மனைவியும். இன்றைய உரை பெரும்பாலும் அவர்களைப் பற்றியது.

அன்று நாங்கள் வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறிக் கொள்ளுப்பிட்டியில் இறங்கிக் கொழும்பு நூதனசாலைக்குப் போனோம். 1765இல் ஒல்லாந்தர் கண்டி மீது படையெடுத்து அரண்மனையைச் சூறையாடினர். அப்போது கண்டியை ஆண்டவன் நாயக்கர் வழிவந்த கீர்த்தி சிறீ இராஜசிங்கன். அந்தச் சூறையிலே போன பொருள்களில் ஆறு, நெடுங்காலம் அம்ஸ்ரடாம் நகரத்து றைக்ஸ் நூதனசாலையில் இருந்தன. பொன்னும் வெள்ளியும் மணியும் இழைத்த சிறு பீரங்கி ஒன்று, பெரிய துவக்குகள் இரண்டு, கத்தி ஒன்று, பொன் வாள் ஒன்று, வெள்ளி வாள் ஒன்று. 2023 டிசம்பரிலே இவை கொழும்பில் கையளிக்கப்பட்டன. பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது.

"வாள் பார்க்கவோ? இந்த நாட்டில இன்னும் வாள் பார்க்கிறதுக்கு ஆசையோ?" என்று என் மனைவி கேட்டார். கேட்டது நியாயமான கேள்வி. 1983 ஆடியிலே வெள்ளவத்தையில் எங்கள் பெற்றோர் குடியிருந்த வீடு எரிந்தது. அதற்குப் பின்னர் 2009 வரை நடந்தவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயுதம் என்ற சொல்லே எங்கள் வீடுகளிலே நெடுங்காலம் தாழ்ந்த குரலில் சொல்லப்பட்ட ஒன்று. ஆனாலும் அவர் வந்தார்.

நூதனசாலையில் நான் வாளின் அலகைப் பார்த்தேன். அவர் பிடியைப் பார்த்தார்.

சிங்களத்திலே இந்த வாளுக்குக் கஸ்தான என்று பெயர். ஒரு பக்கம் மட்டும் கூருள்ள, சற்றே வளைந்த குறுவாள். பிடியின் தலையிலே சிங்கமுகம். விரல்களைக் காக்கும் வளைவிலும் குறுக்குக் கம்பிகளிலும் வாய் பிளந்த மகர முகங்கள். இது போருக்கென்று செய்த வாள் அன்று. அரசன் கொடுத்த பதவியையும் வரிசையையும் காட்டுவதற்குப் பிரதானிகள் இடையிலே தரித்த வாள். நமது தேசியக் கொடியிலே சிங்கம் ஏந்தி நிற்கும் வாளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அந்தக் கொடியின் ஓரத்திலே உள்ள செம்மஞ்சட் பட்டை நம்மைக் குறிப்பது என்று பாடசாலையிலே படித்திருக்கிறோம்.

"இஞ்சாருங்கோ, இந்த வாயைப் பாருங்கோ. எங்கட அம்மப்பா காப்புக்கு யாளிமுகம் வெட்டுறது இப்பிடித்தான். பல்லுக்கு ஒரு உளி, கண்ணுக்கு வேற உளி" என்றார் மனைவி. அவருடைய அம்மப்பா வண்ணார்பண்ணையிலிருந்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையிலே குடியிருந்து, செட்டியார் தெருவிலே நகைவேலை செய்தவர். நான் 1765 என்றும் ஒல்லாந்தர் என்றும் சொல்லிக்கொண்டு நின்றபோது, அவர் அந்த மகரத்தை வெட்டிய கையைத் தேடிக்கொண்டிருந்தார். அப்பொழுதுதான் எனக்கு அந்தக் கணவன் மனைவியின் நினைவு வந்தது.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை அறியாத இலக்கிய வாசகர் இலர். நூதனசாலைக்குப் பக்கத்திலே அவர் பெயரால் ஒரு வீதியே இருக்கிறது. கொழும்பு நூதனசாலை, தேசாதிபதி வில்லியம் கிரெகரியின் காலத்திலே, 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் 22ஆந் திகதி கொள்ளுப்பிட்டியிலே ஆனந்தர் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்திலே தந்தவர். பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் சகோதரர்களுக்குத் தாய்மாமன். தாயார் எலிசபெத் பீபி, ஆங்கிலப் பெண்மணி. இரண்டு வயது நிறைவதற்குள் தந்தையை இழந்த ஆனந்தர் இங்கிலாந்திலேயே வளர்ந்து, இலண்டனிலே புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்றார். 1902 ஜூன் மாதத்தில் எதெல் மேரி பார்ட்ரிட்ஜ் என்ற பெண்ணை மணந்தார்.

எதெல் 1872இல் டெவன் மாகாணத்திலே பிறந்தவர். கணவரிலும் ஐந்து வயது மூத்தவர். அவருடைய சகோதரர் பிரெட், நகை செய்யும் கலைஞர்; சி. ஆர். அஷ்பீ என்பவர் நடத்திய கைவினைஞர் சங்கத்தைச் சேர்ந்தவர். யந்திரம் மனிதனுடைய கையை மறக்கச் செய்கிறது என்று வில்லியம் மொறிஸ் எழுப்பிய குரல் இங்கிலாந்திலே இன்னும் ஓயாத காலம் அது. பட்டறையின் வாசமும் உலையின் சூடும் எதெலுக்குப் புதியவை அல்ல.

1903இல் ஆனந்தர் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்கு முதல் இயக்குநரானார். அவருடைய தொழில் கல்லையும் மண்ணையும் ஆராய்வது. அதற்காக மலைநாட்டிலே ஊர் ஊராக அலைய வேண்டியிருந்தது. எதெலும் கூடவே போனார். கல்லைத் தேடிப் போன இருவரும் வழியிலே கண்டது அழிந்துகொண்டிருந்த ஓர் உலகத்தை. விகாரைச் சுவர்களின் ஓவியங்கள் வெள்ளையடிப்புக்குள் மறைந்துகொண்டிருந்தன. இறக்குமதிச் சாமான்களுக்கு முன்னால் கம்மாளனுக்கும் நெசவாளனுக்கும் வேலை இல்லாமற் போய்க்கொண்டிருந்தது. 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை ஆனந்தர் எழுதினார். பழைய கட்டடங்களையும் கலைகளையும் காக்கும் பொறுப்பு உங்களுடையது என்பதே அதன் சாரம்.

அவர்கள் வாள்களை மட்டும் தேடியவர்கள் அல்லர். பன்னவேலை, மட்கலம், தந்தவேலை, தையல்வேலை என்று எல்லாவற்றையும் தேடினார்கள். ஆனால் உலோகவேலையிலே இருவருடைய கண்ணும் ஒன்றாகச் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனந்தர் புவிச்சரிதவியலாளர் அல்லவா? ஒரு வாளைப் பார்த்தால், இந்த இரும்பு எந்த மண்ணிலிருந்து வந்தது, எப்படி எஃகாயிற்று என்று கேட்பவர். ஒன்பதாம் நூற்றாண்டிலே அரபு அறிஞர் அல்-கிந்தி வாள்களின் வகைகளைப் பற்றி எழுதிய நூலிலே சரந்தீப், அதாவது இலங்கை, இடம்பெறுகிறது. அப்படிப் பேர்பெற்ற எஃகை உருக்கும் முறை தெரிந்தவர்கள் ஆனந்தருடைய காலத்திலே விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாகக் குறைந்துவிட்டனர். பலாங்கொடைப் பக்கத்துக் கிராமத்திலே அம்முறையை அவர் நேரிற் கண்டு எழுதி வைத்தார். பின்னாளில் கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர், அதே பகுதியிலுள்ள சமனலவெவவில், பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்ட பழைய உலைகளைக் கண்டறிந்து, 1996இல் உலகறியச் செய்தார்.

எதெலின் கண் வேறு. அவர் புகைப்படக் கருவியைத் தூக்கிக்கொண்டு போனார். பொருளை மட்டுமல்லாமல் அதைச் செய்கிறவரையும், செய்யும் விதத்தையும் படம் பிடித்தார். பழைய சிங்களத் தையல்வேலைப்பாடு பற்றித் தாமே எழுதவும் செய்தார். கொடி ஓடும் விதம், இதழ் மடியும் விதம், வாளின் பிடியிலே இருக்கும் அதே பூ சேலையின் ஓரத்திலும் இருப்பது, இவையெல்லாம் இழையும் ஊசியும் அறிந்த ஒருவருக்குத்தான் எளிதிலே பிடிபடும்.

கண்டி அரசிலே பட்டல் ஹத்தர என்ற அமைப்பு இருந்தது. அரசனுக்கென்று வேலைசெய்த நான்கு பட்டறைகள் என்பது பொருள். பட்டல் என்ற சொல் நமது பட்டடை, பட்டறை என்பவற்றை நினைவூட்டும். ஒன்று ஆபரணத்துக்கு, ஒன்று முடிக்கு, ஒன்று சிங்காசனத்துக்கு, ஒன்று பொன் வாளுக்கு. பொன் வாள் செய்வோரை ரன்கடு கொல்ல என்றார்கள். வாளுக்கென்றே ஒரு பட்டறை, அதிலே பரம்பரை பரம்பரையாகக் கைவினைஞர், அவர்களுக்கு அரசன் கொடுத்த நிலம். வாளைச் சேகரிப்பவர்கள் பலர் இருந்தார்கள். வாள் செய்தவனுடைய வாழ்வைச் சேகரிக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் இந்த இருவர்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். கஸ்தான வாள்கள் பலவற்றின் அலகு இந்நாட்டிலே செய்ததன்று. ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஒல்லாந்தக் கும்பனியின் முத்திரை பொறித்த அலகுகளும் உண்டு. பிறநாட்டு அலகுக்கு இந்நாட்டுக் கம்மாளன் பிடி செய்து பூட்டி, தன் அரசனுடைய வாளாக்கினான். ஆங்கிலத் தாய்க்கும் தமிழ்த் தந்தைக்கும் பிறந்தவர் ஆனந்தர். அவரும் டெவன் நாட்டுப் பெண்ணும் சேர்ந்து சிங்களக் கலையைத் தேடினார்கள். தூய்மை பேசுகிறவர்களுக்கு அந்த வாளும் பிடிக்காது, அந்த வீடும் பிடித்திராது.

நேயர்களே, கணவனும் மனைவியுமாக ஆயுதங்களிலே ஆசை வைத்தவர்கள் இவர்கள் மட்டுமல்லர். நம்முடைய தமிழ் மண்ணோடு தொடர்புடைய மற்றொரு சோடியும் உண்டு. 1798 முதல் 1803 வரை சென்னையிலே தேசாதிபதியாக இருந்தவர் எட்வேட் கிளைவ், புகழ்பெற்ற ரொபேட் கிளைவின் மகன். 1799 மே மாதம் 4ஆந் திகதி சிறீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் இறந்தான். அடுத்த ஆண்டு எட்வேட்டின் மனைவி ஹென்றியற்றா, தம் இரண்டு பெண்மக்களோடு மைசூர், தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் ஆயிரம் மைலுக்கு மேலே பிரயாணம் செய்தார். கல், செடி, அரும்பொருள் என்று எதையும் ஆவலோடு சேர்ப்பவர் அவர். திப்புவின் வாளும், சிங்காசனத்தின் பொற்புலித் தலையொன்றும், கூடாரமும் இன்று வேல்ஸ் நாட்டிலே பவிஸ் மாளிகையில் அக்குடும்பத்தின் சேகரிப்பாக இருக்கின்றன. ஹென்றியற்றாவின் அறிவார்வத்தைக் குறைவாக மதிப்பிடக்கூடாது. எனினும் அந்த வாளின் பக்கத்திலே அதைச் செய்தவனுடைய கதை இல்லை. தோற்றவனுடைய பெயரும் வென்றவனுடைய பெயரும் இருக்கின்றன.

தஞ்சாவூரிலே நடந்தது அதிலும் துயரமானது. 1855இல் அந்த அரசு முடிவுற்ற பின்னர், அரண்மனை ஆயுதசாலையிலிருந்து தெரிந்தெடுத்த சில ஆயுதங்கள் சென்னை நூதனசாலைக்குப் போயின. மிகுதியில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாக விற்கப்பட்டது. எத்தனை கொல்லர்களுடைய கைவேலை அந்தக் குவியலிலே போயிற்றோ!

குமாரசுவாமி தம்பதியர் 1907இலே இங்கிலாந்துக்குத் திரும்பினர். புரோட் கம்டன் என்ற ஊரிலே, அஷ்பீ திருத்திக் கொடுத்த நோர்மன் சப்பல் என்ற பழைய கட்டடமே அவர்களுடைய இல்லம். மொறிஸ் தமது கெல்ம்ஸ்கொட் அச்சகத்திலே பயன்படுத்திய கை அச்சுப்பொறி அங்கே வந்து சேர்ந்தது. இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை அந்தப் பொறியிலே ஆனந்தர் தம் மேற்பார்வையில் அச்சிட்டார். 1907 செப்டெம்பரிலே தொடங்கிய வேலை 1908 டிசம்பரிலே முடிந்தது. மொத்தம் 425 பிரதிகள். கைவேலையைப் பற்றிய நூலைக் கைவேலையாகவே செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் அது. கலைகளை மட்டும் வருணிக்காமல், சமூகத்தின் அமைப்பையும் கைவினைஞரின் நிலையையும் கூறுவது என்று அந்நூலின் முகப்பே அறிவிக்கிறது. நூலை அணிசெய்யும் புகைப்படங்களிற் பல எதெல் எடுத்தவை.

முகப்பிலே ஆசிரியர் பெயர் ஒன்றுதான். அது ஆனந்தருடைய பெயர்.

நூல் வெளிவந்த சில ஆண்டுகளிலே அந்த மணவாழ்வு முறிந்தது. பிறருடைய இல்லறத்தை நூறு வருடம் கழித்து நாம் விசாரிப்பது பண்பன்று. ஒரே பொருளின் மேல் வைத்த ஆசை இரண்டு பேரை வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைக்கும் என்று எண்ணிவிடக்கூடாது என்பதை மட்டும் சொல்லலாம். எதெல் 1913இலே பிலிப் மைரே என்பவரை மணந்து எதெல் மைரே ஆனார். சசெக்ஸ் மாகாணத்து டிச்லிங் என்ற ஊரிலே கைத்தறிப் பட்டறை அமைத்து, பல பெண்களுக்கு நெசவு பழக்கினார். 1916இலே தாவரச் சாயங்கள் பற்றி அவர் எழுதிய நூல் கைத்தறியாளர்களுக்கு வழிகாட்டியாயிற்று. கைத்தொழிலிலே வடிவமைப்பாளருக்கு இங்கிலாந்து அளிக்கும் உயர்ந்த கௌரவத்தை 1937இலே பெற்றார். அதைப் பெற்ற முதற் பெண் அவரே. 1952இலே காலமானார். ஆனந்தர் 1917 முதல் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையிலே பணிசெய்து, சிவநடனத்தின் பொருளை உலகுக்கு உரைத்து, 1947 செப்டெம்பர் 9ஆந் திகதி மறைந்தார். அவருக்கு நாம் விழா எடுத்தோம், வீதிக்குப் பெயர் சூட்டினோம். அவ்வம்மையாரை நாம் நினைப்பதில்லை. எங்கள் வகுப்பறைகளிலே அவருடைய பெயரைச் சொல்லாதவர்களில் நானும் ஒருவன்.

நூதனசாலையிலிருந்து திரும்பிய அன்று மாலை, என் மனைவி தம்முடைய தகரப்பெட்டியைத் திறந்து ஒரு பாக்குவெட்டியை எடுத்தார். அம்மப்பா தம் கையாலே செய்தது. பிடியின் முனைகளிலே இரண்டு சிறு யாளிமுகங்கள். வாள் வாங்கிச் சேர்க்க எங்களுக்கு வசதியும் இல்லை, வைப்பதற்கு இடமும் இல்லை. ஆனால் அந்தப் பாக்குவெட்டியை நடுவிலே வைத்துக்கொண்டு இருவரும் நெடுநேரம் இருந்தோம். தமிழிலே படை என்றால் ஆயுதம், சேனை. படைத்தல் என்றால் ஆக்குதல், தெய்வத்துக்கு வைத்தல். ஆயுத பூசையன்று செட்டியார் தெருப் பட்டறைகளிலே உளியையும் குறட்டையும் கழுவிச் சந்தனம் வைக்கிறார்கள். அழிப்பதற்கும் ஆக்குவதற்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்ததன் காரணத்தை நான் விளக்கத் தொடங்கினேன். "சொல்லை விடுங்கோ, சாமான்களின்ர பேரை எழுதுங்கோ. எனக்கே பாதி மறந்துபோச்சு" என்றார் அவர்.

எழுதத் தொடங்கினோம். உமியோடு, ஊதுகுழல், கம்பியச்சு, சாமணம். அவர் சொல்ல நான் எழுதினேன். தெரியாதவற்றைக் கேட்பதற்குச் செட்டியார் தெருவிலே இன்னும் கையாலே வேலைசெய்யும் முதியவர்களிடம் சனிக்கிழமைகளிலே போகிறோம். முதலிலே ஒருவரும் பேசவில்லை. ஆசிரியர் ஒருவர் வந்து எதற்கு விபரம் கேட்கிறார் என்ற ஐயம். இன்னாருடைய பேத்தி என்று என் மனைவி சொன்ன பிறகு, பக்கத்திலே இருந்த முக்காலியைத் தள்ளிக் கொடுத்தார்கள். நான் மட்டும் போயிருந்தால் அந்தக் கொப்பி வெறுங்கொப்பியாகவே இருந்திருக்கும். கண்டி மலைக் கிராமங்களிலே எத்தனை வாசல்கள் எதெலுக்காகத் திறந்திருக்கும் என்று அப்பொழுது எண்ணிக்கொண்டேன்.

இப்பொழுது ஔவையாரின் பாட்டைப் படிப்பிக்கும்போது முன்பு போல என்னாலே சிரிக்க முடிவதில்லை. தொண்டைமானுடைய கொட்டிலை ஔவையார் இகழ்ந்தார். அது அவருடைய காலம். நம்முடைய காலத்திலே, இந்தத் தீவின் வாள்கள் எல்லாம் அந்தக் கொட்டிலிலேயே நெய் பூசிக்கொண்டு கிடக்கட்டும் என்றுதான் மனம் வேண்டுகிறது. கொல்லனுடைய பட்டறைக்கு வேறு வேலை கொடுப்போம்.

அந்தக் கொப்பியின் மட்டையிலே இருவருடைய பெயரையும் எழுதியிருக்கிறேன். அவருடைய பெயர் முதலிலே இருக்கிறது.